இலை வரையலாமா? எப்படி வரைவது?

அல்லாஹ்வின் அறிவுக்குப் புறம்பாக மரத்திலிருந்து ஓர் இலைகூட உதிர்வதில்லை என்று சூரத்துல் அன்ஆமின் 59-ஆம் வசனம் நமக்கு அறிவிக்கிறது. அதே சூராவின் 99-ஆம் வசனம், மழைநீரால் முளைத்தெழும் பசுமையையும் பேரீச்சங் குலைகளையும் திராட்சை, ஒலிவ், மாதுளைத் தோட்டங்களையும் வரிசையாகக் காட்டிவிட்டு, அவை காய்க்கும்போதும் கனியும்போதும் உற்றுப் பாருங்கள் என்று ஏவுகிறது. ஓதும்போது இந்த வசனத்தை நாம் எளிதில் கடந்து போய்விடுகிறோம். உற்றுப் பார் என்ற கட்டளைக்குக் கண்ணும் பொறுமையும் வேண்டும். அந்தப் பொறுமையை ஒரு பெண்பிள்ளைக்குப் பழக்குவதற்கு ஒரு பென்சிலும் ஒரு பிலா இலையும் போதும் என்பதைத்தான் அன்புச் சகோதரிகளுக்கு எழுத வந்தேன்.

பிலா இலைக்கு எங்கே போவது என்று யாழ்ப்பாணத்தார் கேட்கமாட்டார்கள். தென்மராட்சி மண் பிலாவுக்கும் மாவுக்கும் தென்னைக்கும் பேர்போனது. கண்டி வீதியில் சாவகச்சேரியைத் தாண்டி, மீசாலையைக் கடந்து கொடிகாமம் சந்தியில் இறங்கினால், பழக் காலத்தில் சந்தையை வாசனையே காட்டிக் கொடுத்துவிடும். தேங்காய்க் குவியல், மாம்பழக் கூடை, ஆளைவிடப் பாரமான பிலாப்பழம். அங்கே ஒரு முஸ்லிம் வியாபாரியின் வீட்டுக்குப் போயிருந்தபோது அவருடைய மனைவி என்னிடம் ஒரு மார்க்கக் கேள்வி கேட்டார்.

"மௌலவி, மகளுக்கு உயர்தரத்தில உயிரியல் படிக்க விருப்பம். அதுக்குப் படம் கீறவேணும் எண்டு சொல்லுறாள். மாமியோ, படம் கீறுறது பெரிய பாவம், பிள்ளை வேற பாடம் எடுக்கட்டும் எண்டு நிக்கிறா. இலை கீறினாலும் குற்றமோ?"

அந்த மாமியாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உருவம் வரைவோருக்கு மறுமையில் உள்ள தண்டனையைப் பற்றி ஸஹீஹான ஹதீஸ்கள் இருக்கின்றன. அவற்றைக் கேட்டு வளர்ந்த தலைமுறை அவர். அல்லாஹ்வுக்கு அஞ்சித்தான் அப்படிச் சொன்னார். ஆனால் அந்த அச்சத்தை எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் அதே ஹதீஸ் கிதாபுகள்தாம் நமக்குச் சொல்லித் தருகின்றன. பாதியைக் கேட்டு மீதியை விட்டதால் ஒரு பிள்ளையின் படிப்புப் பாதை மாறப் போகிறதென்றால், மீதியையும் சொல்லித்தானே ஆகவேண்டும்?

இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் தீர்ப்பு

ஸஹீஹுல் புகாரியின் கிதாபுல் புயூஃ, அதாவது வியாபார அத்தியாயத்தில் அந்தச் சம்பவம் பதிவாகியிருக்கிறது. ஒரு மனிதர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து, என் பிழைப்பே என் கைத்தொழில்தான், நான் இப்படிப்பட்ட உருவங்களைச் செய்து விற்பவன் என்று முறையிட்டார். உருவம் செய்தவனிடம் அதற்கு உயிர் கொடுக்கும்படி கூறப்படும், அவனால் ஒருபோதும் முடியாது என்ற நபிமொழியை இப்னு அப்பாஸ் (ரலி) எடுத்துச் சொன்னார்கள். கேட்ட மனிதருக்கு மூச்சு முட்டி முகம் வெளுத்துவிட்டது. அவருடைய நிலையைக் கண்ட இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள், செய்துதான் தீரவேண்டும் என்றால் மரத்தையும் ரூஹ் இல்லாத பொருட்களையும் வரைந்துகொள் என்று வழிகாட்டினார்கள்.

பார்த்தீர்களா சகோதரிகளே! பிழைப்புக்கு வழியற்றுப் போய்விடுவோமோ என்று நடுங்கிய ஒருவருக்கு அந்த ஸஹாபி கதவை முழுதாக மூடவில்லை. மரம் என்ற வாசலைத் திறந்தே வைத்தார்கள். இமாம் நவவி (ரஹ்) அவர்களும் ஸஹீஹ் முஸ்லிமின் விரிவுரையில் மரம் முதலியவற்றை வரைவது ஹராம் அல்ல என்றே எழுதுகிறார்கள். ஒரேயொரு மாற்றுக் கருத்து உண்டு. தாபிஈன்களில் ஒருவரான முஜாஹித் (ரஹ்) அவர்கள் கனிதரும் மரத்தை வரைவதை மட்டும் வெறுத்தார்கள். தானியத்தையாவது படைத்துக் காட்டட்டும் என்ற கருத்துள்ள ஹதீஸ் அவர்களுடைய ஆதாரம். முஜாஹிதைத் தவிர வேறெவரும் இப்படிச் சொன்னதில்லை என்று காழீ இயாழ் (ரஹ்) குறிப்பிட்டதையும் நவவி இமாம் அதே இடத்தில் எடுத்துக் காட்டுகிறார்கள். நீங்கள் படைத்ததற்கு உயிர் கொடுங்கள் என்று மறுமையில் கூறப்படுவதால், தடை உயிருள்ளவற்றின் உருவத்துக்கே உரியது என்பது பெரும்பான்மை இமாம்களின் விளக்கம்.

இதற்குக் கல்லிலும் சாட்சி இருக்கிறது. ஹிஜ்ரி 72-இல், அதாவது கி.பி. 691-692 அளவில் பைத்துல் முகத்தஸில் எழுப்பப்பட்ட குப்பத்துஸ் ஸக்ராவின் உட்சுவர்களிலும், கலீஃபா வலீத் காலத்தில் திமிஷ்கில் கட்டப்பட்ட உமவிய்யாப் பள்ளிவாசலிலும் வண்ணச் சில்லுகளால் மரங்களும் கொடிகளும் இலைகளும் பதிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுள் ஒரு மனித உருவத்தையோ மிருகத்தையோ காணமுடியாது.

உயிரியல் பாடத்தில் தவளையும் இதயமும் வருமே என்று சிலர் கேட்பார்கள். தனி உறுப்பு முழு உருவமாகாது என்பதும், கல்வித் தேவைக்கான வரைபடத்தைப் பல உலமாக்கள் அனுமதித்திருக்கிறார்கள் என்பதும் சுருக்கமான பதில். விரிவு வேண்டுவோர் தத்தம் ஊர் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளட்டும். நம் பேச்சு இலையைப் பற்றியது.

ஓவியரைக் கூட்டிக்கொண்டு மலையேறிய ஹகீம்

செடிகளை உள்ளபடி வரைவது வெள்ளைக்காரன் கொண்டுவந்த கலை என்று நம்மில் பலர் நினைத்துக் கொண்டிருக்கிறோம். அரபுக் கல்லூரியில் இலக்கணமும் ஃபிக்ஹும் படித்த எங்களில்கூடப் பலருக்கு ரஷீதுத்தீன் இப்னுஸ் ஸூரியின் பெயர் தெரியாது. ஸூர் என்பது இன்றைய லெபனானின் கடலோர ஊர். அங்கே ஹிஜ்ரி 573-இல் பிறந்து 639-இல் மறைந்த மருத்துவர் அவர். மருத்துவர்களின் வரலாற்றை எழுதிய இப்னு அபீ உஸைபிஆ அவரை நேரில் அறிந்தவர். அவர் எழுதி வைத்திருக்கும் செய்தி வியப்பானது.

இப்னுஸ் ஸூரி மூலிகை தேடி லெபனான் மலைக்குப் போகும்போதெல்லாம் ஓர் ஓவியரையும் கூடவே அழைத்துப் போவாராம். ஓவியரின் கையில் பலவகை வர்ணங்களும் தூரிகைகளும் இருக்கும். செடி நிற்கும் இடத்துக்கே போய், முதலில் இவர் அதை ஆராய்வார். பிறகு ஓவியருக்குக் காட்டுவார். அதன் நிறம் என்ன, இலை எவ்வளவு பெரியது, கிளை எப்படிப் பிரிகிறது, வேர் எப்படியிருக்கிறது என்று பார்த்துப் பார்த்து அவர் வரைவார். அத்துடன் விட்டாரா? இல்லை. அதே செடியை அது தளிர்விடும் பருவத்தில் ஒருமுறை, முழுதாக வளர்ந்து விதை பிடித்த பருவத்தில் ஒருமுறை, காய்ந்து வாடிய பருவத்தில் ஒருமுறை என்று மூன்று நிலையிலும் வரையச் செய்தார். மருந்து தேடிப் போகிறவன் எந்தக் காலத்தில் போனாலும் செடியை அடையாளம் காணவேண்டும் என்பதே நோக்கம். அந்த நூல் இன்று நமக்குக் கிடைக்கவில்லை. அந்த முறை மட்டும் வரலாற்றில் எஞ்சி நிற்கிறது.

ஏன் இவ்வளவு சிரமம் தெரியுமா? கிரேக்க மருத்துவர் தியோஸ்கோரிதீஸின் மூலிகை நூல் 9-ஆம் நூற்றாண்டில் பக்தாதில் அரபியாக்கப்பட்டது. இஸ்திஃபான் பின் பஸீல் மொழிபெயர்க்க, ஹுனைன் பின் இஸ்ஹாக் அதைத் திருத்தினார். படங்களோடு அந்நூலை நூற்றாண்டுக் கணக்கில் பிரதி எடுத்தார்கள். பிரதி எடுத்தவர்களில் பலர் செடியைப் பார்க்கவில்லை, முன்னிருந்த படத்தைத்தான் பார்த்தார்கள். ஒருவர் படத்தைப் பார்த்து இன்னொருவர் வரைய, இலைகள் இருபுறமும் அச்சில் வார்த்ததுபோல் அழகாகிக்கொண்டே போயின. அழகு கூடக் கூட அடையாளம் குறைந்தது. மருந்துச் செடியில் அடையாளம் தவறினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. காலண்டர் படத்தைப் பார்த்து இலை வரையும் நம் பிள்ளைகளுக்கும் இதே கதிதான்.

ஹிந்துஸ்தானத்தில் மொகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் 1620-இல் கஷ்மீர் போனபோது, உஸ்தாத் மன்சூர் அந்த நாட்டுப் பூக்களில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை வரைந்ததாகத் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். (மன்சூர் பறவை, மிருகங்களையும் வரைந்தவர். அந்த விவாதத்தை நான் இங்கே திறக்கவில்லை.) சென்னை மாகாணத்தில் ராபர்ட் வைட் என்ற ஸ்கொட்லாந்து மருத்துவருக்கு ரங்கையா, கோவிந்து என்ற நம் தென்னாட்டு ஓவியர்கள் இருவர் ஒருவர்பின் ஒருவராகச் செடி வரைந்து கொடுத்தார்கள். 1838 முதல் 1853 வரை வெளிவந்த அவருடைய ஒரு நூல்வரிசையில் மட்டும் 2101 படங்கள்! கோவிந்துவை மதித்து ஓர் ஆர்க்கிட் செடிக்கு அவர் பெயரையே வைட் சூட்டினார்.

நம் இலங்கையிலும் இதற்கு ஒரு பரம்பரையே உண்டு. 1821-இல் பேராதனையில் தாவரவியல் பூங்கா அமைந்தது. இரண்டு ஆண்டுகளில், 1823-இல், ஹாரமானிஸ் டி அல்விஸ் என்ற சிங்களவர் அங்கே செடி வரைபவராகச் சேர்ந்து 38 ஆண்டுகள் பணியாற்றினார். அவருடைய மக்களும் அதே வேலையில் அமர்ந்தார்கள். ஹென்றி ட்ரைமன் எழுதத் தொடங்கிய இலங்கைத் தாவரங்கள் பற்றிய நூல் 1893 முதல் 1900 வரை ஐந்து பாகங்களாக வந்தது. ட்ரைமன் 1896-இல் இறந்துவிட, ஹூக்கர் அதை முடித்து வைத்தார். அதோடு சேர்ந்த 100 வண்ணப் படங்கள் அந்தக் குடும்பத்தாரின் கைவண்ணமே. புகைப்படக் கருவி வந்து இவ்வளவு காலமான பிறகும் உலகெங்கும் செடி வரைகிறார்களே, ஏன்? புகைப்படம் அந்த நிமிடத்தில் அந்த ஓர் இலை எப்படி இருந்ததோ அதைக் காட்டும். நிழல் விழுந்த இடம் நிழலாகவே போய்விடும். வரைபவரோ பத்து இலையைப் பார்த்து, இலையின் மேற்புறம், அடிப்புறம், காம்பு, மொட்டு யாவற்றையும் ஒரே தாளில் வைத்துத் தருகிறார்.

பிலா இலையில் தொடங்குங்கள்

இனி வேலைக்கு வருவோம். வாங்க வேண்டிய பொருள் அதிகமில்லை. ஒரு எச்பி பென்சில், ஒரு அழிறப்பர், ஒரு அடிமட்டம், தடித்த வரைதாள். வர்ணம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பிலா இலையை ஏன் முதலில் சொல்கிறேன்? அது தனி இலை, தடித்தது, விளிம்பில் பல் இல்லை, சீக்கிரம் வாடாது. ஒடியற்கூழ் குடிக்கும்போது ஈர்க்குக் குத்திக் கோலிப் பிடிப்பதும் இதைத்தானே? அத்தனை வளையும் தன்மையுள்ளது. காலையில் பறியுங்கள். பறித்தவுடன் காம்பில் பால் வடியும். அது தாளில் பட்டால் கறை போகாது. சற்றுநேரம் வடியவிட்டுத் துடைத்து, ஈரத் துணியில் சுற்றி வையுங்கள். சிறு கிளையாக ஒடித்துத் தண்ணீரில் வைத்தால் இன்னும் நல்லது. காம்பு கிளையில் எப்படிச் சேர்கிறது என்பதும் தெரியும். மொட்டை மூடியிருக்கும் உறை விழுந்த இடத்தில் கிளையைச் சுற்றி ஒரு வளையத் தழும்பு இருக்கும். பிலாவின் அடையாளங்களில் அதுவும் ஒன்று. எத்தனையோ முறை ஆட்டுக்குக் குழை ஒடித்திருப்போம், அந்த வளையத்தை எத்தனை பேர் கவனித்தோம்?

பிள்ளை சன்னலோரம் உட்காரட்டும். வலக்கையால் வரைபவளானால் வெளிச்சம் இடப்பக்கமிருந்து வரவேண்டும். இல்லையேல் தன் கைநிழலே தாளில் விழும். இலையைத் தாளின் பக்கத்தில் வைத்து, உள்ள அளவிலேயே வரையச் சொல்லுங்கள். பெருக்கவும் வேண்டாம், சுருக்கவும் வேண்டாம். அடிமட்டத்தால் நீளம் எவ்வளவு, மிக அகலமான இடம் எது, அது காம்பிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து சிறு புள்ளிகள் இடட்டும். பிலா இலை பெரும்பாலும் நடுவைத் தாண்டி நுனிப்பக்கமாக அகன்றிருக்கும். அளக்காமல் வரையும் பிள்ளை நடுவில்தான் அகலத்தை வைப்பாள். ஏனென்றால் அவள் மனதில் இருக்கும் இலை அப்படி. கண்முன் இருக்கும் இலையை விட்டுவிட்டு மனதில் இருக்கும் இலையை வரைவதுதான் எல்லோரும் தொடக்கத்தில் செய்வது.

புள்ளிகள் இட்டபின் முதலில் நடுநரம்பு. விளிம்பை முதலில் வரையவே கூடாது. நடுநரம்பு இலையின் முதுகெலும்பு மாதிரி. அது காம்பிலிருந்து நுனிவரை ஒரே ஓட்டமாக ஓடவேண்டும். இலை வளைந்து, ஒரு பகுதி மறைந்து மறுபடி தெரிகிறதா? இலை கண்ணாடியால் ஆனது என்று வைத்துக்கொண்டு மறைந்த பகுதியிலும் நரம்பை மெல்லிய கோடாகத் தொடர்ந்து வரைந்துவிடுங்கள். பிறகு அழித்துக்கொள்ளலாம். இதைச் செய்யாவிட்டால் மடிந்த இலையின் இரண்டு துண்டுகளும் வெட்டி ஒட்டியதுபோல் நிற்கும்.

அடுத்தது பக்க நரம்புகள். எண்ணிப் பாருங்கள். இடப்பக்கம் எத்தனை, வலப்பக்கம் எத்தனை? நேருக்கு நேர் பிரிகின்றனவா, மாறிமாறிப் பிரிகின்றனவா? நடுநரம்பை விட்டு எந்தக் கோணத்தில் கிளம்பி, விளிம்பருகே எப்படி நுனியை நோக்கி வளைகின்றன? எண்ணிக்கை இலைக்கு இலை கொஞ்சம் மாறும். மாறட்டும். உங்கள் கையில் இருக்கும் இலையில் எத்தனையோ அத்தனை. பிள்ளை மீன்முள் மாதிரி நேர்நேராகக் கோடிழுத்தால், அழிக்கச் சொல்லாமல் இலையைத் திருப்பி அடிப்புறத்தைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். அடிப்புறத்தில் நரம்பு புடைத்திருக்கும். விரலுக்குத் தெரிந்தது பின்பு கண்ணுக்கும் தெரியும். விளிம்பு கடைசியில்தான். பூச்சி அரித்த ஓட்டை இருந்தால் அதையும் வரையலாம், அது அந்த இலையின் வரலாறு.

வர்ணத்துக்கு வருகிறேன். கடையில் குப்பியில் கிடைக்கும் பச்சையை அப்படியே பூசினால் பிளாஸ்டிக் இலை கிடைக்கும். நீலமும் மஞ்சளும் கலந்து பச்சையை நீங்களே உண்டாக்குங்கள். முற்றிய பிலா இலைக்கு நீலம் தூக்கலாக, அத்துடன் ஒரு துளி சிவப்பு. சிவப்பு பச்சையின் முனையை மழுக்கிவிடும். இருட்ட வேண்டுமென்று கறுப்பைச் சேர்க்க வேண்டாம், இலை புகை பிடித்ததுபோல் ஆகிவிடும். நீர் அதிகம், வர்ணம் குறைவு என்று மெல்லிய பூச்சாகத் தொடங்கி, காய்ந்தபின் மேலே மேலே ஏற்றுங்கள்.

பிலா இலை மினுங்கும் இலை. மினுக்கம் விழும் இடத்தில் பச்சையே இல்லை, வானம்தான் இருக்கிறது. அந்த இடத்தில் தாளின் வெள்ளையை விட்டுவைத்து, விளிம்பில் மட்டும் மிக மெல்லிய நீலம் தொடவேண்டும். நரம்பைத் தூரிகையால் கோடாக இழுக்காதீர்கள். இரண்டு பக்க நரம்புகளுக்கு இடையிலுள்ள பகுதி தலையணைபோல் சற்றே உப்பியிருக்கும். அதன் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல். ஒவ்வொரு தலையணையையும் அப்படி வெளிச்சமும் நிழலுமாகப் பூசி, இடையில் மெல்லிய வாய்க்காலை விட்டால் நரம்பு தானாகவே பிறக்கும். கடைசியில் அந்த வாய்க்காலில் வெளிர்மஞ்சள் கலந்த பச்சையை ஓடவிட்டால் போதும். தையல் தெரிந்த சகோதரிகளுக்கு இது சட்டென்று விளங்கும். பஞ்சு வைத்துத் தைத்த மெத்தையில் தையல் விழுந்த இடம் பள்ளமாகத் தெரிவதில்லையா? அதேதான்.

முதல் இலைக்கு மூன்று நாள் ஆகலாம். ஆகட்டும். அவசரப்படுத்தும் தாய்மாரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு ஒரு எச்சரிக்கை. கலைக்கு வேண்டிய நிழலும் மினுக்கமும் உயிரியல் விடைத்தாளுக்கு ஆகாது. அங்கே கூரான பென்சிலால் ஒரே கோடு, நிழல் தீட்டாமல், பெயர் குறிக்கும் கோடுகள் ஒன்றையொன்று வெட்டாமல் அடிமட்டத்தால் இழுக்கவேண்டும். ஆனால் இலையைப் பார்த்துப் பழகிய கைக்கு அந்த ஒற்றைக் கோடு நடுக்கமில்லாமல் வரும்.

வளவு முழுக்கப் பாடம்

பிலா வசப்பட்டபின் வளவைச் சுற்றி வாருங்கள். வெற்றிலையில் நரம்புகள் அடியிலிருந்தே பிரிந்து நுனியில் கூடும்படி வளையும். பூவரசும் இதய வடிவம்தான், சிறுவர்கள் பீப்பி சுருட்டி ஊதும் அந்த இலையை வெற்றிலையின் பக்கத்தில் வைத்து வரைந்தால் இரண்டு இதயமும் எவ்வளவு வேறு என்பது தெரியும். மாவின் தளிர் செம்பு நிறத்தில் துவண்டு தொங்கும். பச்சையே இல்லாத இலையை வரையும் வாய்ப்பு அது. வேம்பில் ஒரு காம்பில் பல சிற்றிலைகள். ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும் நடுநரம்பின் ஒருபுறம் அகலம், மறுபுறம் ஒடுக்கம். எந்தப் புறம் என்று நான் சொல்லமாட்டேன், பிள்ளையே போய்ப் பார்க்கட்டும். பெருநாளைக்குக் கை சிவக்க அரைக்கும் மருதோன்றியில் இலைகள் சோடி சோடியாக எதிரெதிரே நிற்கும். கையில் மருதோன்றி வைக்கும்போது நாம் கோலமாக இழுக்கும் இலை அந்த இலை மாதிரி இருப்பதேயில்லை என்பது வேடிக்கை.

பனையோலை கடினம். அதைக் கடைசிக்கு வையுங்கள். ஆனால் பெட்டியும் பாயும் இழைக்கும் பெண்களுக்கு அது கடினமாக இராது. ஓலை எந்தப் போக்கில் கிழியும், எங்கே மடியும் என்று அவர்கள் விரலுக்கு முன்பே தெரியும்.

பேரீச்சையையும் மறந்துவிடக் கூடாது. இலை உதிராத ஒரு மரம் முஸ்லிமுக்கு உவமை, அது எது என்று ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் ஸஹாபாக்களிடம் விடுகதை போட்டார்கள். காட்டு மரங்களையெல்லாம் எல்லோரும் யோசித்துக் கொண்டிருந்தார்கள். சிறுவராயிருந்த இப்னு உமர் (ரலி) அவர்களுக்கு விடை தோன்றியும் பெரியவர்கள் முன் வெட்கத்தால் பேசவில்லை. பேரீச்சை என்று பின்னர் நபியவர்களே சொன்னார்கள். புகாரியின் கிதாபுல் இல்மில் உள்ள இந்த ஹதீஸை, இலையைக் கொண்டு மரத்தை அறியும் பாடமாகவும் நான் மாணவர்களுக்கு நடத்துவதுண்டு.

கொடிகாமத்துப் பிள்ளையின் விஷயத்துக்கு வருகிறேன். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது சாவகச்சேரி முஸ்லிம் குடும்பங்களும் கையில் கிடைத்ததோடு கிளம்பின. அந்த உம்மும்மாவும் அதில் ஒருவர். மகன் புத்தளத்தில் வளர்ந்தார், பேத்தி புத்தளத்தில் பிறந்தாள். 2009-க்குப் பிறகு திரும்பிய சில குடும்பங்களில் இவர்களும் சேர்ந்தார்கள். திரும்பி வந்தும் பேத்திக்குக் கிளுவை எது, பூவரசு எது என்று தெரியாது. உம்மும்மாவுக்கோ வேலிக் கதியால் ஒவ்வொன்றும் பெயரோடு நினைவிருக்கிறது. முழங்கால் வலியில் முற்றத்தைத் தாண்டி நடக்க முடியவில்லை.

இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் தீர்ப்பை நான் கிதாபைப் பிரித்து வாசித்துப் பொருள் சொன்னபின், அந்த மூதாட்டி கொஞ்சநேரம் பேசாமலிருந்தார். பிறகு, "அப்ப மரம் கீறலாம். ஆனா ஒழுங்காக் கீறவேணும்" என்று பேத்தியைப் பார்த்துச் சொன்னார். மார்க்கத் தீர்ப்பு அத்துடன் முடிந்தது!

சில மாதங்கள் கழித்துப் போனபோது பிள்ளையின் கொப்பியைக் காட்டினார்கள். ஒரு பக்கத்தில் விரல்விரலாகப் பிளந்த ஓர் இலை. கிணற்றடியில் தானாக முளைத்த கன்று ஒன்றிலிருந்து எடுத்ததாம். தாய் அதை ஏதோ காட்டுச் செடி என்றே நினைத்திருக்கிறார். உம்மும்மா படத்தைக் கண்ணுக்கருகே பிடித்துப் பார்த்துவிட்டு, "இது பிலாவெல்லோ! கண்டில இலை இப்பிடித்தான் வெடிச்சிருக்கும், வளர வளர மூடிவரும்" என்றாராம். உண்மைதான். இளம் பிலாக்கன்றின் இலைகள் பிளவுபட்டிருப்பதுண்டு. முற்றிய மரத்தின் இலையை மட்டும் பார்த்தவருக்கு இது தெரியாது. இப்னுஸ் ஸூரி தம் ஓவியரைத் தளிர்ப் பருவத்திலும் வரைய வைத்ததன் காரணம் கொடிகாமத்துக் கிணற்றடியில் விளங்கிற்று.

இப்போது அந்தப் பிள்ளை உயிரியல் படிக்கிறாள். கொப்பியில் ஒவ்வொரு படத்தின் கீழும் நான்கு விஷயங்கள் எழுதச் சொல்லியிருக்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளையும் அப்படியே எழுதட்டும். உம்மும்மா சொன்ன பெயர், பாடப்புத்தகத்திலுள்ள பெயர், இலை பறித்த இடம், நாள். நாளை ஹிஜ்ரியிலும் ஆங்கிலத்திலும் எழுதலாம். அட்டைக்குள் ஒரு பழைய பத்திரிகைத் தாளை மடித்து வைத்து, வரைந்து முடித்த இலையை அதற்குள் பரப்பி, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி வையுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை தாளை மாற்றினால் பூஞ்சணம் பிடிக்காது. காய்ந்தபின் படத்தின் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளலாம். நிறம் போய்விடும். நரம்பு அப்படியே இருக்கும், எண்ணிச் சரிபார்த்துக்கொள்ளலாம்.